24ஐ ஐந்தால் வகுப்பது

பெட்டி இப்போது சரியாக ஓடுகிறது. உறுத்துவதும் அதுதான். எட்டுக் குமிழ், எட்டு எல்இடி, பிளாஸ்டிக் டப்பாவில் துளை போட்டு உட்காரவைத்த ஒரு சீக்வென்சர். உள்ளே 555 என்ற ஐசி துடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் 4017 என்ற ஐசி அடுத்த குமிழுக்குத் தாவும். அந்தக் குமிழை எவ்வளவு திருப்பி வைத்திருக்கிறோமோ அந்த வோல்டேஜ் ஆசிலேட்டருக்குப் போய் ஒரு சுரமாகக் கேட்கும். எட்டு முடிந்ததும் திரும்ப ஒன்று. 555 எவ்வளவு வேகமாகத் துடிக்கவேண்டும் என்பதை இரண்டு ரெசிஸ்டர்களும் ஒரு கெப்பாசிட்டரும் தீர்மானிக்கின்றன. கெப்பாசிட்டர் மலிவான எலக்ட்ரோலிடிக் வகை. மேலே அச்சிட்ட மதிப்புக்கு 20 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம், வெக்கைக்கு வேறு அசைந்து கொடுக்கும். ஆகவே சென்னையில் மே மாத மத்தியானத்தில் பெட்டிக்கு ஒரு வேகம், மின்விசிறிக்கு அடியில் நடுராத்திரியில் இன்னொரு வேகம். தனியாக ஓடுகிறவரைக்கும் அதில் யாருக்கும் புகார் கிடையாது. பக்கத்தில் ஒரு டிரம் மெஷினை வைத்ததும்தான் வம்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் தட்டிவிட்டால் நாலைந்து ஆவர்த்தனம் ஜோடியாகப் போகும், பிறகு ஒன்று மற்றதன் காலை மிதிக்கும், கொஞ்ச நேரத்தில் இரண்டும் வேறு வேறு ஊருக்குப் போகிற மாதிரி ஆகிவிடும். பரிகாரம் எளிது. 555இன் 3ஆம் பின்னிலிருந்து 4017இன் 14ஆம் பின்னுக்குப் போகும் ஒற்றைக் கம்பியை வெட்டி, வெளியிலிருந்து வரும் துடிப்பை அங்கே கொடுத்தால் போதும். அதன்பிறகு இம்மி பிசகவில்லை. 555 இன்னும் உள்ளே துடித்துக்கொண்டுதான் இருக்கிறது, அது சொல்வதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

அந்தக் கம்பி வழியே வருவது என்ன என்று நிதானமாகப் பார்த்தால் உறுத்தல் கூடுகிறது. 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த ‘நாம்’ (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் புராஃபெட்-600ஐயும் ரோலண்டின் ஜூபிடர்-6ஐயும் கேபிள் போட்டு இணைத்துக் காட்டினார்கள். போட்டிக் கம்பெனிகளின் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மிடி அப்படித்தான் ஊரறிய வந்தது. அதற்கு முன்பே டிஆர்-808 போன்ற ரோலண்ட் பெட்டிகள் ஓர் அடிக்கு 24 துடிப்பு அனுப்பிவந்தன. கோர்க் 48 என்றது, ஓபர்ஹைம் 96 என்றது. மிடி 24ஐ எடுத்துக்கொண்டது. ஓர் அடிக்கு 24 தடவை 248 என்ற எண் கேபிளில் வரும். அவ்வளவுதான். நிமிடத்துக்கு 120 அடி என்றால் 20.83 மில்லிவிநாடிக்கு ஒரு 248. அந்த 120 எங்கும் எழுதியிருக்காது. இது எத்தனையாவது அடி, சமமா, நடுவா, பாட்டு தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று, ஒன்றும் இருக்காது. ‘இப்போது’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் திரும்பத் திரும்ப. கச்சேரியில் தாமதமாக நுழைந்து பின்வரிசையில் உட்காருகிறவர்கூட பாடகரின் கையைப் பார்த்தால் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார். ஆதி தாளத்தில் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. எட்டு எண்ணிக்கையில் எது நடக்கிறது என்று கை சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கை மேலே எழும்பி இறங்குகிறது. தொடையில் விழுவதற்கு முன்பே எப்போது விழும் என்பது தெரிந்துவிடுகிறது. மின்துடிப்புக்கு அப்படி எழும்பலும் இறங்கலும் கிடையாது. இல்லாமல் இருந்தது, இருக்கிறது. பார்க்கும்போது அது ஏற்கனவே வந்தாயிற்று.

மிடி விதிப்படி இரண்டு பெட்டிக்கும் நடுவில் நேர் மின்தொடர்பு இருக்கக்கூடாது. அனுப்புகிற பக்கத்திலிருந்து 5 மில்லிஆம்பியர் வந்து ஆப்டோகப்ளருக்குள் இருக்கும் பொட்டளவு எல்இடியை எரிய வைக்கும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில். எதிரே இருக்கும் உணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்து நம் பக்கத்தில் வேறொரு மின்சாரத்தைத் திறந்துவிடும். ரிச்சி தெருவில் 6என்138 என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கூடவே ஒரு 220 ஓம் ரெசிஸ்டர், ஒரு டயோடு, பழைய டேப் ரிக்கார்டர்களின் பின்புறத்தில் இருந்த அதே ஐந்து பின் டின் சாக்கெட். எர்த் வழியாக ஹம் சுற்றிவராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. எனக்கு இதில் வேறொன்று தட்டுப்படுகிறது. வெளிச்சம் ஒரே திசையில் போகிறது. அனுப்புகிற பெட்டிக்கு எதிர்ப்பக்கம் யாராவது இருக்கிறார்களா, கேட்டார்களா, பின்தங்கிவிட்டார்களா என்று தெரிய வழியே இல்லை. கேபிளைப் பிடுங்கிவிட்டாலும் அது 248, 248 என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கும்.

கேட்கிற பெட்டி ஒன்றைத் தவறவிட்டால் என்ன ஆகும்? 555-4017 ஜோடியால் மிடியைப் படிக்கமுடியாது என்பதால் நடுவில் அர்டுயினோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகை ஒன்றை வைக்கிறோம். ஆறு 248 வந்தால் ஒரு ஸ்டெப், கணக்கு அவ்வளவுதான். அதோடு நிற்காமல் அழகுக்காக 64 வண்ண எல்இடிகள் கொண்ட பலகை ஒன்றை முகப்பில் ஒட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வகை எல்இடி ஒன்றுக்குத் தகவல் அனுப்ப 30 மைக்ரோவிநாடி ஆகும், 64க்கு ஏறக்குறைய 2 மில்லிவிநாடி. அந்த நேரம் முழுக்க மைக்ரோகன்ட்ரோலர் மற்ற எல்லாக் காதையும் பொத்திக்கொள்ளும், இல்லாவிட்டால் வண்ணம் கலைந்துவிடும். மிடியில் ஓர் எண் வந்துசேர 320 மைக்ரோவிநாடி. ஆக அந்த இரண்டு மில்லிவிநாடிக்குள் ஆறு எண்கள் வந்து வாசலில் நிற்கலாம், சிப்பின் திண்ணையில் இரண்டு மூன்றுக்குத்தான் இடம். வெறும் கிளாக் மட்டும் வந்தால் ஒன்றும் கெடாது. 20 மில்லிவிநாடிக்கு ஓர் எண், அது காத்திருக்கும். யாராவது கீபோர்டில் கைவைத்து அதே கேபிளில் சுரங்களும் நெரிசலாக வரும்போதுதான் ஒரு 248 தொலையும். அதாவது சும்மா இருக்கும்போது சரியாக இருக்கும் பெட்டி, வாசிக்க ஆரம்பித்தால் பிசகும். ஒன்று தொலைந்தால் 120 வேகத்தில் 21 மில்லிவிநாடிப் பிந்தல்; காதுக்கு ஒரு சின்ன உரசலாகக் கேட்கும். இன்னொன்று தொலைந்தால் உரசல் இரட்டிக்கும். தானாகத் திரும்பிச் சேராது, ஏனென்றால் பெட்டிக்குத் தான் பிந்தியிருப்பது தெரியாது, எண்ணிய வரைக்கும் அதன் கணக்கு சுத்தம். ஆறு தொலைந்த பிறகு நடப்பதுதான் வேடிக்கை. ஒரு முழு ஸ்டெப் தள்ளிப்போய், உரசல் மறைந்து, மறுபடி எல்லாம் பொருந்திக் கேட்கிறது. புதிதாகக் கேட்கிறவர், பாட்டை வேண்டுமென்றே சமத்திலிருந்து தள்ளி எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து ரசிக்கவும் கூடும். அனாகத எடுப்புக்கும் தொலைந்துபோன ஆறு எண்களுக்கும் வித்தியாசம் காதால் கண்டுபிடிக்க முடியாததாக ஆகிவிடும் அந்த இடம் எனக்கு ரொம்ப நாளாகவே சங்கடம் தருகிறது. மிடியில் இதற்குத் தனியாக ஒரு செய்தி உண்டு, பாட்டில் எத்தனையாவது பதினாறில் ஒரு பங்கில் இருக்கிறோம் என்று சொல்வது. ஆனால் அதை ஓட்டத்தை நிறுத்திவைத்திருக்கும்போதுதான் அனுப்புவார்கள். ஓடும்போது கேட்டுக்கொள்ள வழி இல்லை.

எதுவும் தொலையாமல், ஒவ்வொரு துடிப்பையும் பிடித்து, வந்த கணமே கீழ்ப்படிகிற பெட்டி ஒன்று கிடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. அடியை 24ஆகப் பிரித்தவர்கள் தங்கள் சங்கீதத்துக்கு வேண்டியதைத் தெரிந்துதான் பிரித்திருக்கிறார்கள். இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு எல்லாவற்றாலும் வகுபடும் எண். சதுஸ்ரம் வேண்டுமா, ஆறுக்கு ஒன்று. திஸ்ரம் வேண்டுமா, எட்டுக்கு ஒன்று. கண்டநடை வேண்டும் என்றால்? 24ஐ ஐந்தால் வகுத்தால் 4.8. அந்த இடத்தில் துடிப்பே கிடையாது. எண்ணுவதை மட்டும் அறிந்த பெட்டி பக்கத்தில் இருக்கும் முழு எண்ணில் போய் உட்காரும்: 0, 5, 10, 14, 19. இடைவெளிகள் ஐந்து, ஐந்து, நான்கு, ஐந்து, ஐந்து. ‘தகதகிட’ என்று சொல்லிக்கொண்டே கேளுங்கள். நிமிடத்துக்கு 60 அடி என்ற நிதான காலத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் 200 மில்லிவிநாடி கிடைக்கவேண்டும். இங்கே முதல் இரண்டும் 208 எடுத்துக்கொள்ளும், மூன்றாவதான ‘த’ 167இல் நறுக்கப்படும், ‘கி’ அதன் முதுகில் வந்து இடிக்கும், பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி மறுபடி 208, 208. ஒவ்வொரு அடியிலும் அதே நொண்டல், அதே இடத்தில். மனிதன் தப்பு செய்தால் ஒரு தடவை இங்கே, ஒரு தடவை அங்கே என்று இருக்கும். இது தப்பை மனப்பாடம் செய்துவைத்திருக்கும் நொண்டல். மிஸ்ரநடை இன்னும் மோசம். கணினியில் வேலை செய்கிறவர்கள் ஓர் அடியை 480ஆகவோ 960ஆகவோ பிரித்துவைத்துக்கொள்கிறார்கள், இரண்டும் ஐந்தால் வகுபடும், ஏழால் வகுபடாது. துகள் அவ்வளவு சிறியது என்பதால் காதுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கேபிளில் வருவது என்னவோ 24தான். கோர்கின் வோல்கா வகைப் பெட்டிகள் ஓர் அடிக்கு இரண்டே துடிப்பு அனுப்புகின்றன. அங்கே சதுஸ்ரத்துக்கே துடிப்பு போதாது.

ஆகவே இல்லாத இடத்தை ஊகிக்கவேண்டும். இதுதான் நான் சுற்றிச் சுற்றி வந்துசேரும் இடம். 4.8ஆவது இடத்தில் சுரம் விழவேண்டுமானால், ஐந்தாவது துடிப்பு எப்போது வரும் என்று அது வருவதற்கு முன்பே பெட்டிக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கவேண்டும். அபிப்பிராயத்துக்குச் சொந்தமாக ஒரு கடிகாரம் வேண்டும். கம்பியை வெட்டி ஒதுக்கிவைத்த அந்த உள்கடிகாரத்தைத் திரும்ப அழைத்துவந்து, ‘நீ ஓடு, ஆனால் வெளியே கேட்பதை வைத்து உன்னைத் திருத்திக்கொள்’ என்று சொல்லவேண்டியிருக்கிறது. இதற்கென்றே 4046 என்று ஓர் ஐசி இருக்கிறது. அர்டுயினோவில் பத்து வரியில் எழுதிவிடலாம். அடுத்த துடிப்பு எப்போது என்று கணித்துவைத்துக்கொள்வது, வந்ததும் கணிப்புக்கும் வரவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பது, அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கை மட்டும் ஏற்றுக்கொள்வது. எவ்வளவு பங்கு? முழுதாக ஏற்றுக்கொண்டால் பழைய அடிமைத்தனம்தான். கணினியிலிருந்து யுஎஸ்பி வழியாக வரும் துடிப்பு சில மில்லிவிநாடி முன்னும் பின்னும் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் முழுவதும் நம் சுரத்தில் இறங்கும். இருபதில் ஒரு பங்கு மட்டும் ஏற்றுக்கொண்டால் ஓட்டம் எண்ணெய் போட்டதுபோல் இருக்கும். ஆனால் எதிர்ப்பக்கம் 120இலிருந்து 126க்குப் போனால், துடிப்பின் இடைவெளி 20.83இலிருந்து 19.84க்குச் சுருங்கியது நமக்கு உறைக்கவே ஓர் அடி கடந்துவிடும். இதற்குச் சரியான எண் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. எவ்வளவு நம்புவது என்பது அனுப்புகிறவர் யார் என்பதைப் பொறுத்தது. குவார்ட்ஸ் கிரிஸ்டலா, தடுமாறும் கணினியா, கையால் தட்டுகிற மனிதரா. மிருதங்கம் வாசிக்கிறவருக்கு இந்தக் கணக்கு விரலில் இருக்கிறது. பாடகரின் கை விழுந்ததைப் பார்த்துவிட்டு அடித்தால் அடி பிந்திவிடும் என்று அவருக்குத் தெரியும். தன்னிடம் ஒரு காலப்பிரமாணத்தை ஓட்டிக்கொண்டு, பாடகர் ஒரு சங்கதியில் கொஞ்சம் இழுத்தால் விட்டுக்கொடுத்து, அது இழுப்பா இல்லை உண்மையாகவே காலம் இறங்குகிறதா என்று இரண்டு எண்ணிக்கை பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறார். பக்கவாத்தியம் என்ற பெயரில் பாதி அவநம்பிக்கை. நல்ல பக்கவாத்தியத்தில் பாதிக்கு மேலேயே இருக்கும்.

ஒரே கணம் என்று நாம் நினைப்பதே மேடையில் கிடையாது என்பதையும் சொல்லவேண்டும். ஒலி ஒரு மில்லிவிநாடியில் 34 சென்டிமீட்டர்தான் போகும். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்குப் பாட்டு 6 மில்லிவிநாடி கழித்தே கேட்கிறது. பெட்டிகளுக்கு நடுவே மூன்று மில்லிவிநாடிப் பிந்தலுக்கு அலறுகிறவர்கள் ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிக்கும் சங்கீதத்தைத்தான் ஆயுள் முழுக்கக் கேட்டிருக்கிறார்கள். பிந்தல் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. பிந்துகிறோம் என்ற உணர்வே இல்லாமல் பிந்துவதுதான் தொந்தரவு.

1977இல் மியூனிக்கில் ஜார்ஜியோ மொரோடர் டோனா சம்மருக்காக ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டை மூக் மாடுலர் சின்தில் பதிவுசெய்தபோது மிடி பிறக்கவில்லை. ராபி வெடல் என்ற இன்ஜினியர் டேப்பின் ஒரு டிராக்கில் துடிப்பைப் பதிந்துவைத்து, ஒவ்வொரு அடுக்கையும் அந்தத் துடிப்போடு பூட்டினார். பேஸ் வரி, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று, எல்லாம் டேப்பில் உறங்கும் ஒரே கடிகாரத்தின் சொற்படி. டேப் கொஞ்சம் மெதுவாக ஓடினால் எல்லாமே மெதுவாக ஓடும், உள்ளே இருக்கும் எதற்கும் அது தெரியாது. அளந்து பார்க்க வெளியே ஒன்று வேண்டுமே. அந்தப் பாட்டில் கிக் டிரம் மட்டும் மூக்கில் சரிவரவில்லை என்று கீத் ஃபோர்சி என்ற டிரம்மரை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்கள். இயந்திரத்தின் எதிர்காலம் என்று இன்றுவரை பேசப்படும் பாட்டில், பாடிய குரலை விட்டால், துடிப்புக்குக் கீழ்ப்படியாமல் துடிப்பை ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். பாட்டின் பலம் அந்தக் காலடியில் இருக்கிறது என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் உண்டு.

இதற்கு நேர் எதிரான வழி ஒன்றும் இருக்கிறது. 1665இல் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த கிறிஸ்டியான் ஹைகன்ஸ், ஒரே தாங்கியில் மாட்டியிருந்த இரண்டு ஊசல் கடிகாரங்கள் அரைமணி நேரத்துக்குள் ஒன்றுக்கொன்று எதிரெதிராக ஆடி ஒத்துப்போவதைப் பார்த்தார். கலைத்துவிட்டாலும் மறுபடி சேர்ந்துகொண்டன. எது தலைவன், எது தொண்டன் என்று அங்கே கேட்கமுடியாது. கட்டையின் கண்ணுக்குத் தெரியாத அசைவு வழியே இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தன. 2016இல் ஏபிள்டன் என்ற இசை மென்பொருள் கம்பெனி கொண்டுவந்த லிங்க் என்ற முறை அந்த வகையைச் சேர்ந்தது. ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகளில் எது வேண்டுமானாலும் வேகத்தை மாற்றலாம், மற்றவை சேர்ந்துகொள்ளும். நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனாலும் என் மனம் முழுதாக ஒப்பவில்லை. எல்லோரும் விட்டுக்கொடுக்கும் இடத்தில் யாருக்குக் காலப்பிரமாணம்? பஜனை மடத்தில் ஜால்ரா போடுகிற பத்துப் பேரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே வேகத்தை ஏற்றிவிடுவதைப் பார்த்திருக்கிறோம். ஒருவர்கூட ஓட்டவில்லை, காலம் ஓடிவிட்டது. லிங்க் அப்படி ஓடாது, ஏனென்றால் அதில் வேகம் எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது. கேட்டு ஒத்துப்போவதாக அது தோன்றினாலும், நடப்பது ஓர் எண்ணைப் பகிர்ந்துகொள்வதுதான். ஹைகன்ஸின் கடிகாரங்கள் எந்த எண்ணையும் பகிர்ந்துகொள்ளவில்லை.

இந்த மாதிரிப் பெட்டி செய்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெளிக்கடிகாரத்துக்குச் சாக்கெட் வைக்கும்போது உள்கடிகாரத்தை ஓரங்கட்டிவிடாதீர்கள். அதை ஓடவிட்டு, வெளியிலிருந்து வருவதில் எவ்வளவு பங்கை ஏற்பது என்பதற்கு முகப்பில் ஒரு குமிழ் வையுங்கள். மெனுவுக்குள் புதைக்கவேண்டாம், வாசிக்கும்போது கை போகிற இடத்தில் இருக்கட்டும். எண்ணும் வேலையை இன்டரப்டிடம் விட்டு, எல்இடி பலகையை மிடியின் கண்ணில் படாத தனிச் சிப்புக்கு மாற்றுங்கள். சோதிக்கும்போது சதுஸ்ரத்தில் 120 வேகத்தில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், அதில் எந்தப் பெட்டியும் தேறிவிடும். 60இல் கண்டநடை வைத்து, மூன்றாவது எழுத்துக்கும் நான்காவதுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் கேளுங்கள்.